மினாட்டோ ஏன் வென்றார்? நருட்டோப்99 வாக்கெடுப்பும் ரசிகர் விவாதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 17 அன்று தொடங்கி 2023 ஜனவரி 31 அன்று நிறைவுற்ற 'நருட்டோப்99', 'நருட்டோ' என்னும் ஜப்பானிய மங்காவின் (சித்திரக்கதைத் தொடரின்) பாத்திரங்களுக்கான உலகளாவிய இணைய வாக்கெடுப்பு. அதில் முதலிடம் பெற்ற மினாட்டோ நமிகாசே, கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துபோன பாத்திரம். ஒன்பது வால் நரியைத் தன் கைக்குழந்தையின் உடலுக்குள் முத்திரையிட்டு அடைத்துவிட்டு உயிர்விட்ட நான்காம் ஹொகாகே (நிஞ்ஜா கிராமத் தலைவர்) என்ற அளவில்தான் முதல் அத்தியாயத்தில் அவரைப் பற்றிய செய்தி வருகிறது. அவர்தான் நாயகன் நருட்டோவின் தந்தை என்பது பல நூறு அத்தியாயங்களுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அத்தகைய ஒருவர் 7,92,257 வாக்குகள் பெற்று, இரண்டாம் இடத்தில் வந்த இட்டாச்சி உச்சிஹாவை 2,87,243 வாக்குகள் வேறுபாட்டில் முந்தியதும், தொடரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாயகன் முதல் ஐந்து இடங்களுக்குள்கூட வராததும், பெரும்பான்மை ரசிகர்களின் வசைக்கு ஆளானவள் என்று எல்லாரும் கருதியிருந்த சகுரா ஹருனோ மூன்றாம் இடத்தைப் பிடித்ததும் ரசிகர்களிடையே நீண்ட சச்சரவைக் கிளப்பின. முடிவு பொய்யானது என்றனர் ஒரு சாரார். இதுவே ரசிகர்களின் உண்மையான மனம் என்றனர் மறு சாரார். இரு தரப்பினரும் அந்தப் பட்டியலை 'யார் அதிகம் நேசிக்கப்படுபவர்' என்ற கேள்விக்கான விடையாகவே படித்தனர். வாக்களித்தவர்களில் கணிசமானோர் விடை எழுதியது வேறொரு கேள்விக்கு என்பதே இந்த ஆய்வின் கருத்து.

வாக்கெடுப்பின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மசாஷி கிஷிமோட்டோ வரைந்த 'நருட்டோ' மங்கா, ஷூயெய்ஷா நிறுவனத்தின் வார இதழான ஷோனென் ஜம்ப்பில் 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வெளிவந்து 72 தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டது. தொலைக்காட்சி அனிமே (அசைபடத் தொடர்) 2002 அக்டோபரில் தொடங்கியது. அந்த அனிமேயின் 20ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, ஆண்டுதோறும் நடைபெறும் ஜம்ப் விழாவின் நாளிலேயே வாக்கெடுப்பு திறக்கப்பட்டது. ஒருவர் நாளுக்கு ஒரு வாக்கு அளிக்கலாம். முதல் 99 இடங்கள் அறிவிக்கப்படும் என்பதால்தான் 'டாப் 99' என்ற சொல்லும் தொடரின் பெயரும் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முதலிடம் பெறும் பாத்திரத்தை மையமாகக் கொண்டு கிஷிமோட்டோ தம் கையாலேயே ஒரு புதிய சிறு மங்காவை வரைந்து தருவார் என்பது வாக்கெடுப்பு தொடங்கும்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. பின்னால் எழுந்த சச்சரவுகளில் பலவும் இந்த ஒற்றை வாக்குறுதியைப் போதிய அளவு எடைபோடாததால் வந்தவை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முதல் ஐந்து இடங்கள் முறையே மினாட்டோ, இட்டாச்சி, சகுரா, ஷிசுயி, காகாஷி. இவற்றில் முதல் மூவரின் வாக்குகள் 7,92,257, 5,05,014, 4,91,321. இந்த எண்களைக் கண்டதும் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் மினாட்டோவை விரும்புகின்றனர் என்று எண்ணத் தோன்றும். வெற்றியைக் கொண்டாடிய பதிவுகள் பலவற்றில் அப்படித்தான் எழுதவும் பட்டது. ஆனால் நாளுக்கு ஒரு வாக்கு என்ற விதி 46 நாள்கள் நடைமுறையில் இருந்தது. ஒரு நாளும் தவறாமல் வாக்களித்த ரசிகர் ஒருவர் தனியாளாகவே 46 வாக்குகளைச் சேர்த்திருப்பார். அந்தக் கணக்கில் பார்த்தால், மினாட்டோவின் மொத்த வாக்குகளைச் சேர்க்க ஏறத்தாழ 17,200 பேர் போதும். சகுராவுக்கு 10,700 பேர் போதும். உண்மை எண்ணிக்கை இந்தக் குறைந்தபட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஒரு நாள் மட்டும் வந்து வாக்களித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், விழித்தவுடன் முதல் வேலையாக வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதை மொத்தத் தொகையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. நாள்தோறும் வாக்களிக்கும் முறை, விருப்பத்தின் பரப்பைக் காட்டிலும் விருப்பத்தின் விடாப்பிடியை அளக்கிறது. பத்துப் பேருக்கு ஓரளவு பிடித்த ஒரு பாத்திரத்தைவிட, ஒருவர் நாள்காட்டியில் குறித்துவைத்து வாக்களிக்கும் பாத்திரம் இங்கே முந்திவிடும். நாயகன் நருட்டோவுக்கு நேர்ந்தது இதுதான் என்று கருத இடமுண்டு. அவனைப் பிடிக்காதவர் அரிது. ஆயினும் அவனுக்காக 46 நாள்கள் தொடர்ந்து அலாரம் வைத்துக்கொள்பவரும் அரிது. அவன்தான் 700 அத்தியாயங்களையும் ஆண்டுகொண்டுவிட்டானே, அவனுக்கு இன்னும் என்ன வேண்டும் என்ற நினைப்பு வாக்காளரின் கையைத் தளர்த்திவிடும்.

பழைய முறையோடு ஒப்பிட்டால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகும். ஷோனென் ஜம்ப் இதழின் வாசகர் வாக்கெடுப்புகள் நெடுங்காலம் அஞ்சலட்டை வழியாகவே நடந்தன. இதழோடு வரும் அட்டையை நிரப்பி அனுப்ப வேண்டும். எந்தத் தொடர் நீடிக்கும், எது நிறுத்தப்படும் என்பதைத் தீர்மானிப்பதிலும் வாசகர் அட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது வாக்கு போட விரும்பியவர் இரண்டாவது பிரதி வாங்க வேண்டியிருந்தது. அந்த முறையில் விடாப்பிடிக்கு விலை இருந்தது, வாக்காளர் பெரும்பாலும் ஜப்பானிலேயே இருந்தனர், இதழை வாரந்தோறும் வாங்குகிறவர்களின் கருத்தே எண்ணப்பட்டது. (காதலர் தினத்தில் டென்னிஸ் தொடர் ஒன்றின் பாத்திரங்களுக்கு வாசகர்கள் அனுப்பிய சாக்லேட்டுகளை எண்ணித் தரவரிசை வெளியிட்ட வழக்கமும் ஜப்பானில் உண்டு. எடை போட்டுப் பார்க்கத்தக்க ஒரே பிரபல்யக் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.) இணைய வாக்கெடுப்பு இந்த மூன்று வேலிகளையும் ஒரே நேரத்தில் அகற்றிவிட்டது. செலவில்லை, எல்லையில்லை, இதழை ஒருமுறைகூடத் தொடாத அனிமே பார்வையாளரும் வாக்காளர்தான். ஆகவே பழைய அட்டை வாக்கெடுப்புகளில் வந்த வரிசையை எடுத்துவைத்து, 'அன்று அப்படி இருந்ததே, இன்று எப்படி மாறும்' என்று வாதிட்டவர்கள் இரு வேறு வாக்காளர் கூட்டங்களை ஒன்றென்று எண்ணிவிட்டனர்.

பரிசு மாற்றிய கேள்வி

இனி மையமான செய்திக்கு வரலாம். முதலிடத்துக்குக் கிடைக்கப்போவது ஒரு கோப்பையோ ஒரு வாழ்த்துப் படமோ மட்டும் என்றிருந்தால், வாக்காளர் தமக்கு மிகவும் பிடித்தவரின் பெயரை அழுத்திவிட்டுப் போயிருப்பார். ஆனால் பரிசு ஒரு கதை. அதுவும் படைப்பாளரே வரையும் கதை. அப்படியானால் சிந்திக்கத் தெரிந்த வாக்காளர் தம்மைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி 'எனக்கு யாரைப் பிடிக்கும்' என்பதாக இருக்காது. 'இன்னும் யாருடைய கதை எனக்குச் சொல்லப்படவில்லை' என்பதாக இருக்கும்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பல முடிச்சுகள் தாமாகவே அவிழ்கின்றன. நருட்டோ, அவன் தோழன் சசுகே இருவரின் குழந்தைப் பருவம் முதல் தந்தைமை வரை எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. முதன்மைத் தொடர் முடிந்த பின் 2015இல் வந்த ஏழாம் ஹொகாகே பற்றிய குறுந்தொடரும், 2016இல் தொடங்கிய 'போருட்டோ'வும் அவர்களைத் தொடர்ந்து பேசிக்கொண்டேயிருந்தன. அவர்களின் ஆசிரியர் காகாஷியின் சிறுவயதுக்கு முதன்மைத் தொடருக்குள்ளேயே 239 முதல் 244 வரை ஆறு அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மினாட்டோவுக்கோ தனக்கென்று ஒதுக்கிய கதை எதுவுமில்லை. காகாஷியின் சிறுவயதுக் கதையில் அவர் ஆசிரியராக ஓரமாக வந்துபோகிறார். எதிரி பெயினுடனான போரின் உச்சத்தில் மகனின் மனத்துக்குள் தோன்றிச் சில பக்கங்கள் பேசுகிறார். மனைவி குஷினா மகனுக்குச் சொல்லும் நினைவுகளில் இளைஞனாகத் தலைகாட்டுகிறார். நான்காம் பெரும் போரில் மீட்டெழுப்பப்பட்ட உடலோடு போர்க்களம் புகுகிறார். ஒவ்வொரு தடவையும் வேறொருவரின் கதைக்குத் துணை செய்யவே வருகிறார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று வாசகரை எண்ணவைத்துவிட்டு மறைகிறார்.

ரசெங்கான் என்னும் சுழல்கோள நுட்பத்தை உருவாக்க அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்று கதையில் சொல்லப்படுகிறது. நாயகன் தன் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்திய அந்த ஆயுதம் எப்படிப் பிறந்தது என்பதோ 700 அத்தியாயங்களில் ஒரு தகவலாக மட்டுமே கிடக்கிறது. மினாட்டோவுக்கு வாக்களித்தவர்கள் இத்தகைய வெற்றிடங்களை நிரப்பக் கேட்டனர் என்றே நான் படிக்கிறேன். நான்காம் இடத்தில் ஷிசுயி உச்சிஹா வந்திருப்பது இந்தப் படிப்புக்கு இன்னும் வலுவான சான்று. மினாட்டோவாவது ஹொகாகே, நாயகனின் தந்தை. ஷிசுயியோ இட்டாச்சியின் நண்பன். தன் எஞ்சிய கண்ணை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஆற்றில் விழுந்து மாண்டவன் என்பதற்கு மேல் முதன்மைத் தொடரில் பெரிதாக இடம் பெறாதவன். வெறும் பிரபல்யம் என்ற அளவுகோலை வைத்து அவன் காகாஷியை முந்தியதை விளக்க முயல்பவர் திணறத்தான் வேண்டும். சொல்லப்படாத கதை என்ற அளவுகோலில் அவன் இயல்பாகவே மேலே வருகிறான்.

இந்த விளக்கம் எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் இடத்தில் இருக்கும் இட்டாச்சி, சசுகேயின் அண்ணன், இதற்கு நேர் எதிரான சான்று. அவன் வாழ்வில் சொல்லப்படாமல் எஞ்சியது மிகக் குறைவு. முதன்மைத் தொடரே அவனுடைய இரகசியத்தை அவிழ்ப்பதற்குப் பல தொகுதிகளைச் செலவிட்டது. அதற்கு மேல் அவனைப் பற்றிய நாவல்கள் வந்தன, அவை 2016இல் அனிமேயாகவும் ஒளிபரப்பாயின. ஆகவே இட்டாச்சிக்கு விழுந்த ஐந்து லட்சம் வாக்குகள் புதுக் கதை வேண்டி விழுந்தவை அல்ல, அவன்மீதுள்ள பற்றுக்காகவே விழுந்தவை என்று கொள்வதே பொருத்தம். ஒரே பட்டியலுக்குள் இரு வேறு வகை வாக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆராதனை, மற்றொன்று கோரிக்கை. எண்ணிக் கூட்டும்போது இரண்டும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. நாயகன் அவமதிக்கப்பட்டான் என்று வருந்திய ரசிகர்கள் கோரிக்கை வாக்கை ஆராதனை வாக்காகப் படித்துவிட்டனர்.

சகுராவும் 'கள்ள வாக்கு'க் குற்றச்சாட்டும்

சச்சரவின் சூடு அதிகம் தெறித்தது மூன்றாம் இடத்தைப் பற்றித்தான். முதல் ஐவரில் சகுரா மட்டுமே பெண். நருட்டோவும் சசுகேயும் இருந்த ஏழாம் அணியின் மூன்றாம் உறுப்பினர், ஐந்தாம் ஹொகாகே சுனாடேயின் மாணவி, மருத்துவ நிஞ்ஜா, எதிரி சசோரியை வீழ்த்திய போரில் முதியவள் சியோவோடு தோள்கொடுத்தவள். ஆயினும் நெடுங்காலமாக 'பயனற்றவள்' என்ற ஏளனம் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அவளைக் கேலி செய்யும் படங்கள் இரண்டு தலைமுறை ரசிகர்களின் கைகளில் சுற்றியவை. இத்தகைய ஒருத்தி மூன்றாம் இடத்துக்கு வந்ததும் தானியங்கி நிரல்களால் குவிக்கப்பட்ட கள்ள வாக்குகளே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டை மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது, வாக்கெடுப்பின் இலக்கணம். இது ஒருவரையொருவர் மோதவிட்டுத் தோற்றவரை வெளியேற்றும் போட்டி அன்று. எல்லாரும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டு, பெயர்வாரியாகக் கூட்டும் முறை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஜப்பானின் பழைய 'சாய்மோ' போட்டியை நினைத்துப் பார்த்தால் புரியும். 2002 முதல் 2014 வரை ரசிகர்களே நடத்திய அந்தப் போட்டியில் பாத்திரங்கள் இருவர் மூவராக மோதுவர், தோற்றவர் வெளியேறுவர். வாக்களிப்பவர் முன்கூட்டியே ஒரு குறியீட்டைப் பெற்று, வாக்கோடு சேர்த்துப் பதிவிட வேண்டும் என்ற காவலும் இருந்தது. (முதல் ஆண்டுப் பட்டத்தை வென்றவளும் ஒரு சகுராதான். கார்டுகளைச் சேகரிக்கும் கினோமோட்டோ சகுரா. அவளைப் பற்றி இத்தகைய வசையேதும் இருந்ததில்லை.) வெளியேற்றும் போட்டியில் வெறுப்புக்கும் வாக்கு உண்டு. ஒருத்தியைப் பிடிக்காதவர்கள் அனைவரும் எதிரே நிற்பவருக்கு வாக்களித்து அவளை வீழ்த்தலாம். கூட்டல் முறையில் வெறுப்புக்குப் பெட்டி கிடையாது. சகுராவை ஏளனம் செய்யும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் அவர்களால் அவள் கணக்கிலிருந்து ஒரு வாக்கைக்கூடக் கழிக்க முடியாது. மேலும், அவர்களுடைய வாக்குகள் நூற்றுக்கணக்கான பெயர்களிடையே சிதறிப்போயின. ஓயாத ஏளனத்துக்கு நடுவே ஒரு பாத்திரத்தைக் காத்துவரும் ரசிகர்களோ எண்ணிக்கையில் குறைந்தாலும் கட்டுக்கோப்பில் மிகுந்தவர்கள். நாள்தோறும் வாக்கு என்ற விதி அவர்களுக்காகவே எழுதப்பட்டதைப் போல அமைந்துவிட்டது.

இரண்டாவது, காலம். வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த 2023 ஜனவரியிலேயே, சசுகேயும் சகுராவும் கணவன் மனைவியாகச் சேர்ந்து ஒரு பணியில் ஈடுபடும் 'சசுகே ரெட்சுடென்' நாவலின் கதை, போருட்டோ அனிமேயில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் மங்கா வடிவமும் 2022 அக்டோபர் முதலே வந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகளாக ஓரத்தில் நின்ற ஒருத்தி, வாரந்தோறும் திரையில் முக்கிய இடம் பெறும் அதே வாரங்களில் வாக்குப்பெட்டியும் திறந்திருந்தது. அந்த இணையின் ரசிகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் வாய்த்திருக்காது. குற்றம் சாட்டியவர்களில் இந்த ஒளிபரப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது, கள்ள வாக்குகளின் சாத்தியம். இணையத்தில் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு வாக்கு என்ற விதியைக் காப்பது எளிதன்று. உலாவியில் பதியும் நினைவுக்குறிப்பை அழித்துவிட்டு மீண்டும் வரலாம், வேறொரு கருவியிலிருந்து வரலாம், இணைய முகவரியை மாற்றிக்கொண்டும் வரலாம். பெரிய நிறுவனங்களும் இதில் ஏமாந்திருக்கின்றன. 2009இல் டைம் இதழ் நடத்திய செல்வாக்கு மிக்கவர்கள் வாக்கெடுப்பில் ஓர் இணையக் கூட்டத்தார் தம் தளத்தை நிறுவியவரை முதலிடத்தில் ஏற்றியதோடு நில்லாமல், முதல் 21 பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் தங்களுக்குள் வழங்கிய வேடிக்கைச் சொற்றொடர் ஒன்று வரும்படி பட்டியலையே அடுக்கிக் காட்டினர். அந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. நிரல் கைவைத்த இடத்தில் அதன் தடம் தெரியும். வாக்குகள் ஒரே மணியில் குவியும், ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருக்கும், எவர் மனமும் இயல்பாக உருவாக்காத ஒழுங்கு ஒன்று பட்டியலில் தோன்றும். சகுராவுக்கு எதிராகக் குற்றம் சாட்டியவர்கள் காட்டியது அத்தகைய தடத்தை அன்று. 'அவளுக்கு இவ்வளவு ரசிகர்கள் இருக்க முடியாது' என்ற தங்கள் வியப்பையே அவர்கள் சான்றாக முன்வைத்தனர். மேலும், காவல் வேலி தளர்ந்திருந்தது என்றால் அது எல்லாப் பாத்திரங்களின் ரசிகர்களுக்கும் ஒரே அளவில் தளர்ந்திருந்தது. மினாட்டோவின் எட்டு லட்சத்தை நம்பிக்கொண்டு சகுராவின் ஐந்து லட்சத்தை மட்டும் சந்தேகிப்பதற்கு, வாக்கெடுப்பின் அமைப்பில் எந்த அடிப்படையும் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கையும் குறிப்பிட்டாக வேண்டும். இட்டாச்சிக்கும் சகுராவுக்கும் இடையே உள்ள வேறுபாடு 13,693 வாக்குகள்தான். அதை 46 நாள்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு முந்நூறுக்கும் சற்றுக் குறைவு. முந்நூறு பேர் தவறாமல் வாக்களித்திருந்தாலே இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் கைமாறியிருக்கும். மாறாக முதல் இடத்தை அசைக்க நாளொன்றுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் வாக்குகள் தேவைப்பட்டிருக்கும். எனவே கள்ள வாக்குகள் இருந்தன என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், அவற்றால் நடுவிடங்களின் வரிசை குலைந்திருக்கலாமே தவிர, பரிசு யாருக்குப் போக வேண்டும் என்பது மாறியிருக்காது. கள்ள வாக்கு, கள்ள வாக்கு என்று கூச்சலிட்டவர்கள், உண்மையிலேயே ஏதேனும் பறிபோனது என்று காட்ட வேண்டிய இடத்தில் காட்டுவதற்கு எதுவுமில்லாமல் நின்றனர்.

ஒப்புநோக்க இரண்டு

மேலே சொன்ன கருத்தைச் சோதிக்க, வேறு இரண்டு வாக்கெடுப்புகளை அருகில் வைத்துப் பார்க்கலாம். 'ஒன் பீஸ்' மங்காவின் 1000ஆம் அத்தியாயத்தை ஒட்டி 2021 தொடக்கத்தில் முதல்முறையாக உலகளாவிய வாக்கெடுப்பு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் களத்தில் நின்றன, மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. நாயகன் லூஃபியின் பிறந்தநாளான மே 5 அன்று முடிவு வெளியானது. லூஃபி 16,37,921, ஸோரோ 14,45,034, நாமி 10,12,005. நாயகனும் அவன் கப்பலில் முதலில் சேர்ந்தவர்களுமே முதல் மூவர். அங்கே வெல்பவருக்குப் படைப்பாளர் ஒரு தனிக்கதை எழுதித் தருவார் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே வாக்காளர் தம் மனத்துக்கு நெருக்கமானவரை நேராகவே தேர்ந்தனர். இறந்துபோன பாத்திரங்கள் அந்தத் தொடரிலும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட முதல் மூவரில் இல்லை. கதை இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். நாளை என்ன நடக்கும் என்று காத்திருக்கும் வாசகர் நேற்றைய வெற்றிடத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படமாட்டார்.

இரண்டாவது ஒப்புமை என் கருத்துக்கு அவ்வளவு இசைவாக இல்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடர் முடிந்த பின் நடந்த உலகளாவிய வாக்கெடுப்பில் லீவாய் முதலிடம் பெற்றான். அதன் பயனாகத் தொடரின் படைப்பாளர் ஹஜிமே இசாயாமா அவனுடைய சிறுவயதைப் பற்றி 18 பக்கச் சிறுகதை ஒன்றை வரைந்தார். அது 2024இல் வெளியான ஓவியத் தொகுப்போடு வந்தது. இங்கேயும் பரிசு ஒரு கதை. ஆனால் லீவாயின் நிலவறை நகர வாழ்க்கை ஏற்கெனவே ஒரு தனிக் கிளைக்கதையாக மங்காவிலும் அனிமேயிலும் வந்துவிட்ட ஒன்று. சொல்லப்படாத கதையையே வாக்காளர் தேடுவர் என்றால் வேறு யாராவது வென்றிருக்க வேண்டும். லீவாய் வென்றதற்குக் காரணம், அவனுக்கும் அடுத்தவர்களுக்கும் இடையிலான பற்று வேறுபாடு, எந்தக் கணக்கும் புகுந்து மாற்ற முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததே என்று நினைக்கிறேன். நருட்டோவில் அப்படி ஒற்றைப் பெருந்தலை யாரும் இல்லை. காகாஷிக்கும் இட்டாச்சிக்கும் சசுகேக்கும் நாயகனுக்கும் இடையே ரசிகர் பற்று ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து கிடந்தது. பற்று பிரிந்து கிடக்கும் இடத்தில்தான் பரிசின் இழுப்பு முடிவைத் தீர்மானிக்கும் வலிமை பெறுகிறது. இந்த அளவுக்கு என் கருத்தைச் சுருக்கிக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பரிசு வந்து சேர்ந்தபோது

வாக்குறுதி நிறைவேறியது. 2023 ஜூலையில் ஷோனென் ஜம்ப் இதழில் கிஷிமோட்டோவின் தனிக்கதை வெளியாயிற்று. அதே வேளையில் பிற மொழி வாசகர்களும் இணையத்தில் அதைப் படிக்க முடிந்தது. தமிழில் 'சுழலுக்குள் ஒரு சூறைக்காற்று' என்று பெயர்க்கத்தக்க அந்தக் கதை, மினாட்டோ இன்னும் ஹொகாகே ஆகாத நாள்களில், ரசெங்கானை உருவாக்கும் முயற்சியில் அவர் தடுமாறிக்கொண்டிருந்த பருவத்தைப் பற்றியது. வாக்காளர்கள் எந்த வெற்றிடத்தைச் சுட்டினர் என்பதைக் கிஷிமோட்டோ சரியாகவே புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு அந்தத் தேர்வே சான்று. போர்க்களத்தில் 'மஞ்சள் மின்னல்' என்று பெயர்பெற்ற மினாட்டோ நிகழ்த்திய சாகசங்களை வரைந்து கைதட்டல் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, 700 அத்தியாயங்களில் ஒரு வரித் தகவலாகக் கிடந்த அந்த மூன்று ஆண்டு உழைப்பின் பக்கம் அவர் போனார்.

படித்து முடித்தவர்கள் கவனித்த இன்னொன்றும் உண்டு. கதையின் தலைப்பில் உள்ள சுழலைக் குறிக்கும் 'உசு' என்ற ஜப்பானியச் சொல், உசுமாக்கி குஷினாவின் குடும்பப் பெயரிலும் இருக்கிறது. நுட்பம் பிறக்கும் கதையாகத் தொடங்கும் அது, உள்ளே ஒன்பது வால் நரியைச் சுமந்துகொண்டு வாழும் குஷினாவின் கதையாகவும், அவளுக்கும் மினாட்டோவுக்கும் இடையே இருந்த நெருக்கத்தின் கதையாகவும் விரிகிறது. 46 நாள்கள் மினாட்டோவின் பெயரை அழுத்திய ஆயிரக்கணக்கானோர் கேட்டது ஒருவரின் கதையை. முதல் ஐந்து இடங்களில் பெயரே இல்லாத குஷினா, அந்தப் பரிசில் ஏறத்தாழச் சரிபாதியை எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி எந்தத் தரப்பிலிருந்தும் முறையீடு எழுந்ததாகத் தெரியவில்லை.